முதலில் அலகுதான் வரும்

திருச்சியிலிருந்து:

மிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கான்யூர் என்கிற சிறிய கிளி வகை; அதிலும் பச்சைக் கன்னக் கான்யூரில் 'பைனாப்பிள்' என்று சொல்கிற நிறவகை. தலை இளம்பழுப்பு, நெஞ்சில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். வயது நான்கு. வளர்த்த குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பியதால் எங்களிடம் கொடுத்தார்கள். கூண்டோடு பாதி தீர்ந்த சூரியகாந்தி விதைப் பொட்டலமும் வந்தது. "மிகவும் சாதுவான பறவை" என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாளே என் ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் மறுபடியும். சாது என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்களே என்று வருத்தமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த வருத்தம் முழுக்க மிட்டுவுக்குச் சேர வேண்டியது.

உண்மையில் நடந்தது இதுதான். விரலை நீட்டுவேன். அது கழுத்தை நீட்டி அலகைத் திறந்துகொண்டு வரும். கடிக்க வருகிறது என்று வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை எதுவும் இல்லாமல் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, அது ஒரு கம்பிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அலகால் அந்தக் கம்பைப் பிடித்தது. லேசாக அழுத்திப் பார்த்தது. ஆடவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு காலை வைத்தது, அடுத்து மறுகாலை. ஒவ்வொரு முறையும் அதே வரிசை. கிளி இனத்துக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி. என் விரலிடமும் அது அதையேதான் செய்திருக்கிறது. நானோ, காலை எடுத்து வைக்கப் போகிற நேரத்தில் கிளையை உருவிக்கொண்டிருந்தேன். நாலைந்து தடவை இப்படி ஆனதும், நகர்ந்துவிடும் முன்பே இறுகப் பிடிக்கத் தொடங்கியது. பிடித்தால் கை ஓடிவிடுகிறது என்பதையும் அதே வேகத்தில் கற்றுக்கொண்டது. இரண்டையும் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

அதன் பிறகு ஒரு வாரம் விரலை நீட்டவே இல்லை. கூண்டுக் கதவருகே தினைக்கதிரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அடுத்த வாரம் முழங்கையை மேசையில் ஊன்றி, கை ஆடாதபடி வைத்து, விரலை அதன் கால்களுக்குச் சற்று மேலே வயிற்றை ஒட்டி நீட்டினேன். ஒன்பதாவது நாள் அலகு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், கையை எடுக்கவில்லை. அலகுக்குள்ளிருந்து உலர்ந்த ரப்பர் மாதிரி ஒரு சின்ன நாக்கு விரலைத் தொட்டுப் பார்த்தது. ஓர் அழுத்தம். பிறகு வலது கால், அடுத்து இடது கால். தராசில் நிறுத்தால் 68 கிராம்தான். விரலில் ஏறி நின்றபோது அந்தப் பாரம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புதிதாக எடுத்து வளர்ப்பவர்கள் பயந்துபோகிற வேறு இரண்டு விஷயங்களும் எங்களுக்கு நேர்ந்தன. இரவு கூண்டைத் துணியால் மூடிய பிறகு உள்ளே 'கரகர' என்று அரைக்கிற சத்தம் கேட்கும். மூச்சுத் திணறுகிறதோ என்று டார்ச் அடித்துப் பார்த்துப் பாவம் அதன் தூக்கத்தைக் கெடுத்தேன். அது மேலலகையும் கீழலகையும் தேய்த்துக்கொள்ளும் சத்தம். நிம்மதியாகத் தூங்கப் போகிறது என்று அர்த்தம். இன்னொரு நாள் கூண்டின் தரையில் மல்லாந்து கால் இரண்டையும் மேலே தூக்கிக் கிடந்தது. "ஐயோ, போய்விட்டதே" என்று அம்மா அலறியதில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். காலுக்கு இடையில் ஒரு மரமணி இருந்தது. விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. கான்யூர்கள் இப்படி மல்லாந்து விளையாடும்.

அதற்காகத் தரையில் கிடப்பதையெல்லாம் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். பகலிலும் இறகை உப்பிக்கொண்டு, கண் சொருகி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால் அன்றே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். அதனால்தான் தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன்பு மிட்டுவைச் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று உண்டு. என்னிடமும் அம்மாவிடமும் வருகிற மிட்டு, அப்பாவைக் கண்டால் மட்டும் கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடுகிறது. அப்பா அதட்டிப் பேசுகிற ஆளே இல்லை. மாதுளை முத்துகளை உதிர்த்துக் கிண்ணத்தில் வைப்பதே அவர்தான். வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்கிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோயம்புத்தூரிலிருந்து:

அக்கா, எங்களுடையதும் அதே வகைதான். எட்டு மாதம் வரை தங்கமான குணம். பிறகு ஒரு வயதை நெருங்கும்போது திடீரென்று கடித்தது. கூண்டுக்குள் தூங்குவதற்கென்று துணிக் கூடாரம் ஒன்று வாங்கி மாட்டியிருந்தோம். அதற்குள் புகுந்துகொண்டு, கை வைத்தால் பாய்ந்து வந்தது. எனக்கு மட்டும் தின்றதைக் கக்கி ஊட்ட வரும். நான் அதைப் பாசம் என்று எண்ணி முதுகெல்லாம் தடவிக் கொடுத்தேன். தவறு முழுவதும் என்னுடையது. காட்டில் இவை மரப்பொந்தில் கூடு கட்டுபவை. இருட்டான பொந்து, முதுகில் வருடல் இரண்டும் கிடைத்தால் இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்றுதான் அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். கூடாரத்தைக் கழற்றினோம். தலையும் கழுத்தும் தவிர வேறெங்கும் தடவுவதில்லை. மாலை ஏழு மணிக்கு விளக்கணைத்துப் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க விட்டோம். மூன்று வாரத்தில் பழைய பிள்ளையாகிவிட்டது.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, அவரையே பார்த்து மிரள்கிறதா, அல்லது அவர் அணிந்திருப்பதைப் பார்த்தா என்று சோதித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூக்குக்கண்ணாடிக்கு அந்தக் கதை உண்டு.

மதுரையிலிருந்து:

என்னிடம் இருப்பது சன் கான்யூர். கயானா, வடபிரேசில் பக்கத்துப் பறவை, கூட்டமாகவே வாழும். நான் அறையை விட்டு வெளியே போனால் தெருவே கேட்கும்படி கத்தும். ஓடி வந்து பார்த்தால் நிறுத்தும். அடம் பிடிக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கூட்டத்தில் ஒன்று கண்ணை விட்டு மறைந்தால் "எங்கே இருக்கிறாய்?" என்று மற்றவை குரல் கொடுத்துத் தேடும் வழக்கம் அது. இப்போது அது கத்துவதற்கு முன்பே, நான் போகிற இடத்திலிருந்து இரண்டு சீழ்க்கை அடிக்கிறேன். அதுவும் அதே இரண்டைத் திருப்பி அடித்துவிட்டு விதையை உரிக்கப் போய்விடுகிறது. காலையிலும் மாலையிலும் கத்துவதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

தோளில் ஏற்றிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். கண்மணி சட்டுச்சட்டென்று சுருங்கி விரிந்து, வால் விசிறி மாதிரி விரிந்தால் கிளர்ச்சியில் இருக்கிறது என்று பொருள். தோளில் இருக்கும்போது அதன் கண்ணை நம்மால் பார்க்க முடியாது. என் காதுமடலில் அதற்குத் தழும்பு இருக்கிறது.

இன்னும் இரண்டு. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நான் அவற்றை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். கொசுவர்த்தியும் கூண்டிருக்கும் அறையில் வேண்டாம். அப்புறம், ஒருவரிடமிருந்து வாங்கி வளர்ப்பதால், இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வளர்ப்பதற்கான 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் என்கிற அரசு இணையதளத்தில் பதிவும் கைமாற்றமும் உங்கள் பெயருக்குச் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் திருச்சியிலிருந்து:

கோயம்புத்தூர்த் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அவர் எழுதியதைப் படித்த இரவே மிட்டுவின் பழைய வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்தேன். நகம் வெட்ட, இறகு கத்தரிக்க, மருந்து கொடுக்க, எல்லாவற்றுக்கும் துண்டால் மூடித்தான் பிடிப்பார்களாம். என் அப்பாவின் தோளில் ஈரிழைத் துண்டு இல்லாத நேரம் குளிக்கிற நேரம் மட்டும்தான்.

மறுநாள் காலை அப்பா துண்டைக் கொடியிலேயே போட்டுவிட்டு, சட்டை மட்டும் அணிந்து மாதுளைக் கிண்ணத்தோடு வந்தார். மிட்டு மூலைக்குப் போனது, ஆனால் கத்தவில்லை. நான்காம் நாள் அவர் விரலிலிருந்து ஒரு முத்தை எடுத்துக்கொண்டது. நாற்பது வருடமாகத் தோளில் கிடந்த துண்டை அவர் அப்புறம் கூடத்துக்குள் கொண்டு வரவே இல்லை. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

சென்ற வாரம் துண்டைக் கூண்டிலிருந்து பத்தடி தள்ளி ஒரு நாற்காலியில் மடித்து வைத்தோம். தினமும் ஓர் அடி கிட்டே நகர்த்துகிறோம். மிட்டு உண்பதை நிறுத்தினால் உடனே பின்னுக்கு எடுத்துவிடுகிறோம். இன்று ஆறடியில் இருக்கிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முத்துகளை உதிர்த்துக்கொண்டிருக்கிறார்.