புதுப்பிப்பு: வளையாத சிலிக்கோன் விரல் ஒருவழியாக வளைந்தது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேனே, சோஃபாவில் (பிரான்சின் இன்ரியாவில் வளர்ந்த சிமுலேஷன் மென்பொருள், உட்காரும் சோஃபா இல்லை) என் சிலிக்கோன் விரல் (உள்ளே காற்றடைத்தால் வளைய வேண்டிய ரோபோ விரல்) எவ்வளவு காற்றழுத்தம் கொடுத்தாலும் கடப்பாரை மாதிரி நிற்கிறது என்று. பிடிபட்டுவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

சோஃபாவுக்கு அலகு கிலகு எதுவும் தெரியாது, வெறும் எண்தான். விரலின் வடிவம் இருக்கும் என் எஸ்டிஎல் கோப்பு மில்லிமீட்டரில் இருக்க, யங் குணகத்தை (பொருள் எவ்வளவு விறைப்பு என்பதன் அளவு) மட்டும் பாஸ்கலில் 6,00,000 என்று போட்டிருக்கிறேன். மில்லிமீட்டர், கிலோகிராம், நொடி என்று எடுத்துக்கொண்டால் அழுத்தம் தானாகவே கிலோபாஸ்கல் ஆகிவிடும். போட வேண்டியது 600. ஆயிரம் மடங்கு விறைப்பு, பிறகு எங்கே வளைய! ஈர்ப்பு முடுக்கமும் 9.81 இல்லை, 9810.

திருத்தியதும் 30 கிலோபாஸ்கலுக்கே சுருண்டது. ஆனால் நிஜ சிலிக்கோன் விரல் வளையும் அளவுக்கு இல்லை. மெஷ்ஷை (விரலைக் கணக்குக்காகச் சின்னச் சின்ன நான்முகிகளாகப் பிரித்த வலையை) இன்னும் பொடியாக்கச் சொல்லிப் போன பதிவில் ஒரு நண்பர் சொன்னது இங்கேதான் பலித்தது: பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு ஒடுங்கும் என்பது) 0.49 என்றால் பெரிய நான்முகிகள் இறுகிப்போகின்றன. 0.45 ஆக்கி, மெஷ்ஷையும் நெருக்கினேன், கிட்டத்தட்ட ஒத்துவந்தது.

இப்போது என் லேப்டாப்தான் ஊர்கிறது. மாடல் ஆர்டர் ரிடக்‌ஷன் பிளகினை (மாடலைச் சுருக்கிக் கணக்கை வேகமாக்கும் துணைநிரல்) நிறுவிக்கொண்டிருக்கிறேன்.