மறு: கயிற்றின் ‘இழுவிசை’க்கு வேறு சொல் வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழுபட்டு நிற்கும் கயிற்றின் tension-ஐக் குறிக்கும் ‘இழுவிசை’ என்ற சொல் பாடநூலில் நிலைத்துவிட்டது, அதை ஏன் அசைக்க வேண்டும் என்று இங்கே எழுந்த கேள்வி நியாயமானது. ஆனாலும் நான் மாற்றத்தின் பக்கம்தான். ‘விசை’ என்றதும் மாணவர்கள் திசையைத் தேடுகிறார்கள். சுமை மேலே போனால் இழுவிசை எடையைவிட அதிகம், கீழே இறங்கினால் குறைவு என்று தவறாக எழுதிவிடுகிறார்கள்.

சேலத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் கிணற்றை ஆழப்படுத்தும் கிரேனையே எடுத்துக்கொள்வோம். கல்லும் தொட்டியுமாக 100 கிலோ. அசையாமல் தொங்கும்போது கம்பிவடத்தில் இழுவிசை 980 நியூட்டன். தூக்கத் தொடங்கியதும் வேகம் நொடிக்கு நொடி 1 மீட்டர் கூடினால் 1,080. சீரான வேகத்தில் ஏறும்போது மறுபடியும் 980தான். கிணற்று விளிம்பை நெருங்கி, அதே வீதத்தில் வேகம் தணியும்போது 880. தொட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) மட்டும் கீழ்நோக்கி. இனி அதே சுமையை இறக்கிப் பாருங்கள். பாதி ஆழத்தில் பிரேக் விழுந்து, வேகம் அதே வீதத்தில் தணிகிறது. தொட்டி இறங்குகிறது, முடுக்கம் மேல்நோக்கி, வடத்தில் 1,080! பிரேக் சட்டென்று விழுந்தால் இன்னும் எகிறும். வடம் விண்ணென்று தெறித்து நிற்பது அப்போதுதான்.

அந்த வடம் தொட்டியை மேலே இழுக்கிறது, தான் சுற்றிவரும் கிரேன் உருளையைக் கீழே இழுக்கிறது. வடத்தின் எடையைப் புறக்கணித்தால் இரண்டும் ஒரே அளவு. அப்படியானால் வடத்துக்குள் இருப்பதற்கு எந்தத் திசையைச் சொல்வது? அது வடத்தின் நிலை. அதனால் ‘இழுவிறுக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வடம் தொட்டிக்குக் கொடுக்கும் விசைக்கு ‘இழுவிசை’ அப்படியே இருக்கட்டும்.

‘விறைப்பு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் சுருள்வில்லின் விறைப்புக்கு (stiffness) அது தேவைப்படுகிறது. ‘இறுக்கம்’ என்று மட்டும் சொன்னால் அமுக்குவதும் அதில் வந்துவிடும். முன்னால் ‘இழு’ சேர்வதால் அந்தக் குழப்பம் இல்லை. இலங்கைப் பாடநூல்களின் ‘இழுவை’ சுருக்கமானது, அழகானது. இங்கே அது டிராக்டரைத்தான் நினைவூட்டும்.

நீர்மப் பரப்பின் surface tension-ஐக் குறிக்கும் ‘பரப்பு இழுவிசை’யையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அது மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அளக்கப்படும் வேறொரு அளவு; அதைத் தனி இழையில் பேசுவோம்.