காசுகளை செட்டாக விற்பதா, பிரித்து விற்பதா?

காசுமாலை:

வணக்கம். விற்பதற்கு மூன்று வகை இருக்கிறது.

1. மெர்க்குரி டைம் (அமெரிக்கப் பத்து சென்ட் வெள்ளிக் காசு) ஆல்பம். 1916 முதல் 1945 வரை, 77 குழியும் நிறைந்தது, 1916-டி (டென்வர் நாணயச்சாலையின் டி குறி உள்ளது) உண்டு. 1942/1 ஓவர்டேட் (ஓர் ஆண்டின் மேல் இன்னோர் ஆண்டு விழுந்த பிழைக் காசு) இரண்டும் இல்லை. பெரும்பாலானவை தேய்ந்த காசு. 1940-க்குப் பிறகு வந்தவற்றில் பத்துப் பன்னிரண்டு மட்டும் புழக்கத்துக்கே போகாதவை மாதிரி மினுங்குகின்றன.
2. அமெரிக்க ப்ரூஃப் செட் (சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடிபோல அச்சிட்ட காசுகள்) ஒன்பது, 1968-லிருந்து 1990 வரை விட்டுவிட்டு. எல்லாம் நாணயச்சாலைப் பெட்டியிலேயே உள்ளன, திறக்கவில்லை.
3. லிங்கன் சென்ட் (அமெரிக்க ஒரு சென்ட் காசு) சுமார் 400, பிளாஸ்டிக் பக்கங்களில் கலவையாக. சிலவற்றின் மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதோ படிந்திருக்கிறது.

எதை முழுசாகக் கொடுப்பது, எதைப் பிரிப்பது? 1916-டியை மட்டும் ஒரு வியாபாரி கேட்கிறார். அதை முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

தட்டுத்தராசு:

இப்போதைக்கு அந்த 1916-டியைக் கொடுக்காதீர்கள். பிரிப்பதை எந்த நாளும் செய்யலாம். பிரித்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது. அந்த ஒரு காசு போய்விட்டால் மீதி 76-ம் செட் இல்லை, சில்லறை வெள்ளி. அதனால் முதலில் கணக்கு, அப்புறம்தான் பேச்சு.

ஒவ்வொரு காசும் அதே தரத்தில் உண்மையிலேயே விற்று முடிந்த விலையை எழுதுங்கள். கேட்கும் விலை வேண்டாம், கேட்லாக் விலையும் வேண்டாம்; கேட்லாக்கில் இருப்பது கடைக்காரர் விற்கும் விலை, உங்கள் கைக்கு வருவது அல்ல. கூட்டுத்தொகையை 1000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு 1916-டி 600 பங்கு, 1921, 1921-டி இரண்டும் சேர்ந்து 150, மீதி 74 காசு 250.

விற்கும் தளத்தின் கமிஷன் 13 விழுக்காடு என்றால் முதல் மூன்றும் தனியாகப் போய் 652 கையில் நிற்கும். மீதி 74-ஐ ஒவ்வொன்றாக விற்றால் ஒரு காசுக்குச் சராசரி 3.4 பங்கு. கமிஷன் போக 2.9, கவர், தபால் என்று ஒன்றரை பங்கு போனால் 1.4 மிச்சம். 74 பார்சல் கட்டி மொத்தம் சுமார் 105 பங்குதான். அதே 74-ஐ ஒரே லாட்டாக (மொத்தமாக ஒரே கட்டாக) 180-க்குத் தள்ளினாலும் கமிஷன் கழித்து 157 வருகிறது. ஆக மூன்று தனி, 74 ஒரு லாட் என்றால் கைக்கு வருவது சுமார் 809. இதுதான் உங்கள் தரை விலை. முழு ஆல்பத்தை நேரடியாக ஒருவர் 809-க்கு மேல் கேட்டால் கொடுத்துவிடலாம். அதே கமிஷன் உள்ள ஏலத்தில் செட்டாகப் போட்டால் 930-ஐத் தாண்டினால்தான் சமம்.

இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: 77 காசையும் தனித்தனியாக விற்றால் வரும் 1000-ஐ மனதில் வைத்துக்கொண்டு, செட்டுக்கு வந்த 850-ஐத் தட்டிவிடுகிறார்கள். அந்த 1000 யார் கைக்கும் முழுசாக வராது.

லாட்டுக்கு அடிமட்ட விலை வெள்ளிதான். ஒரு டைம் 2.5 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. அப்படியென்றால் தூய வெள்ளி 2.25 கிராம். 74-க்கு 166.5 கிராம். தேய்ந்த காசில் அதிலும் கொஞ்சம் குறையும், எனவே எண்ணிக்கையை நம்பாமல் மொத்தமாக எடை போட்டுப் பாருங்கள். உருக்கு விலைக்குக் கீழே யாராவது கேட்டால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அச்சுக்குறி:

தட்டுத்தராசு அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த 600 பங்கு நிஜமா என்பது முதல் கேள்வி. 1916-டி வெறும் 2,64,000 தான் அச்சானது. சாதாரண 1916-ல் டி ஒட்டி, இல்லையென்றால் 1916-எஸ்-இன் (எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலை) எழுத்தைச் செதுக்கி மாற்றி வந்த போலிகள் நிறைய. நாணயச்சாலைக் குறி பின்பக்கம் கோல்கட்டின் (கோல்களைச் சேர்த்துக் கட்டிய சின்னம்) அடிப்பகுதிக்கு இடப்பக்கம் இருக்கும். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: எழுத்தின் அடி காசின் தளத்தோடு இயல்பாக ஒன்றியிருக்க வேண்டும். சுற்றிக் கோடு, கீறல், நிறமாற்றம் தெரிந்தால் சந்தேகம்தான். உண்மையான 1916-டிக்குப் பின்பக்கத்தை அடித்த அச்சு வார்ப்பு (டை) நான்குதான் அறியப்பட்டுள்ளது. நான்கிலும் டி நிற்கும் இடமும் சாய்வும் படங்களோடு பதிவாகியிருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த ஒரு காசைப் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற, காசைச் சோதித்துத் தரம் போடும் (கிரேடிங்) நிறுவனத்துக்கு அனுப்பி ஸ்லாப் (சான்றோடு சீல் வைத்த பிளாஸ்டிக் கூடு) போடுவது செலவுக்குத் தகும். சான்றில்லாத 1916-டி இருக்கிற செட்டை வாங்குபவர் அந்தக் குழியைப் போலி என்றே கணக்குப் போட்டு விலை சொல்வார். குழி காலியாக இருக்கட்டும். ஸ்லாப்பையும் ஆல்பத்தையும் சேர்த்தே விற்கலாம், செட்டின் மதிப்பு குறையாது. மற்ற தேய்ந்த காசுகளுக்குக் கிரேடிங் வேண்டாம், கட்டணமே காசின் விலையை விழுங்கிவிடும்.

லாட்டில் தள்ளுவதற்கு முன் அந்த மினுங்கும் பத்துப் பன்னிரண்டையும் ஒரு தரம் பாருங்கள். பின்பக்கக் கோல்கட்டின் நடுவில் இரண்டு பட்டைகள் ஒன்றாக ஓடும். அவற்றுக்கு நடுவில் உள்ள பள்ளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுந்துபோகாமல் தெரிந்தால் அதை ஃபுல் பேண்ட்ஸ் என்பார்கள். குறியே இல்லாத 1945 காசு எங்கும் கிடைக்கும், ஆனால் ஃபுல் பேண்ட்ஸோடு கிடைப்பது மிக அரிது. அது அகப்பட்டால் தட்டுத்தராசு போட்ட கணக்கே மாறிவிடும், தனியாகத்தான் விற்க வேண்டும்.

சென்ட் 400-ல் முதலில் தேட வேண்டியவை 1909-எஸ் விடிபி (வடிவமைத்தவரின் பெயரின் முதலெழுத்துகள்), 1914-டி, 1931-எஸ். 1914-டியை 1944-டியிலிருந்து செதுக்கியிருப்பார்கள். அப்படியானால் 9-க்கும் 1-க்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருக்கும், தோளுக்குக் கீழே விடிபி எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து தோளுக்கு வந்ததே 1918-ல். செம்பு நிறத்தில் 1943 இருந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் முலாம் பூசிய எஃகுக் காசு.

வெள்ளிவரி:

ப்ரூஃப் செட்டைப் பிரிக்கவே கூடாது. அந்தச் செட்டை நாணயச்சாலையே செட்டாக வெளியிட்டது; பெட்டி உடையாமல் இருப்பதுதான் அதன் பெறுமதியில் ஒரு பகுதி. ஒரு விரல்ரேகை பட்டால் கண்ணாடித் தளத்தில் நிரந்தரமாக நின்றுவிடும். ஆனால் திறக்காமலேயே ஒரு வேலை செய்யலாம்: விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் குறிகளைப் படியுங்கள். அந்தக் காலத்து ப்ரூஃப் காசுகளில் எஸ் இருக்க வேண்டும். 1968, 1970, 1975, 1983 டைமிலும் 1971 நிக்கலிலும் (ஐந்து சென்ட் காசு) 1990 சென்டிலும் எஸ் விழாமல் வந்த பிழைகள் உண்டு. 1975-இல் அப்படித் தெரிந்தவை இரண்டே இரண்டு. உங்கள் ஆண்டுகள் இதில் வந்தால் தவறாமல் பாருங்கள். பிழை கிடைத்தால் பெட்டியோடு அப்படியே தனியாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் ஒன்பதையும் ஒரே லாட்டாகப் போடலாம். அந்த ஆண்டுகளின் செட்டுகள் நிறையவே கிடைக்கின்றன, ஒவ்வொன்றாக விற்றால் தபால்செலவுதான் மிஞ்சும்.

சென்டுகளின் பச்சைப் பிசுபிசுப்பு பிவிசி (ஒரு வகை மென்பிளாஸ்டிக்) பக்கங்களிலிருந்து கசிந்தது. அப்படியே விட்டால் உலோகத்தை அரிக்கும், எனவே பாதித்த காசுகளை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். சுத்தமான அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் வாசனை, எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும், அது ஆகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு காசு, ஐந்து நிமிடம், பிறகு திருப்பிப் போட்டு ஐந்து நிமிடம். வேறு கிண்ணத்தில் புது அசிட்டோனால் அலசி, விளிம்பைப் பிடித்து எடுத்து நிறுத்திவைத்தால் தானே உலரும். தேய்க்கக் கூடாது, பஞ்சு கூட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. பச்சை போனாலும் அடியில் விழுந்த குழி போகாது. அவற்றைத் தனி லாட்டாகப் போட்டு, குறையை விளம்பரத்திலேயே எழுதுங்கள். முதலில் விலையில்லாத ஒரு சென்டில் செய்து பாருங்கள்.

மற்றபடி வெள்ளிப் பாலிஷ், பேக்கிங் சோடா எதையும் டைம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தேய்த்த காசை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்தால் மயிரிழைக் கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரிந்துவிடும். கிரேடிங்கில் எண் கிடைக்காமல் 'டீடெய்ல்ஸ்' என்று திரும்பி வரும்.

காசுமாலை:

எல்லோருக்கும் நன்றி. வியாபாரியிடம் என்ன சொல்வது? ஆல்பத்திலிருந்து 1916-டியை எப்படி எடுப்பது?

தட்டுத்தராசு:

இரண்டு விலை எழுதிக் கேளுங்கள்: முழு ஆல்பத்துக்கு ஒன்று, 1916-டி மட்டும் என்றால் ஒன்று. இரண்டாவது விலையோடு நீங்கள் போட்ட மிச்ச 76-இன் கணக்கைக் கூட்டி, முதல் விலையோடு ஒப்பிடுங்கள். ஸ்லாப் வந்த பிறகு இன்னும் இரண்டு பேரிடம் இதே கேள்வி. செட்டாக விற்க ஒரு கெடு வையுங்கள், ஆறு வாரம் போதும். அதற்குள் தரை விலை வராவிட்டால்தான் பிரிப்பது.

எடுக்கும்போது ஆல்பத்தை மேசையில் தட்டையாக வைத்து, கீழே மென்மையான துணி விரியுங்கள். குழிகளை மூடும் பிளாஸ்டிக் பட்டையைச் சரேலென்று உருவாதீர்கள். அது காசிலுள்ள முகத்தின் கன்னத்தில் உரசினால் கோடு விழும், செட்டாகச் சேர்த்தவர்களின் ஆல்பங்களில் அதிகம் காணும் சேதம் அதுதான். அந்தக் குழி தெரியுமளவுக்கு மட்டும் மெல்ல நகர்த்தி, பின்னாலிருந்து தள்ளி, விளிம்பில் பிடித்து பிவிசி இல்லாத கேப்சூலில் போடுங்கள்.

வெள்ளிவரி:

ஆல்பத்தைத் தபாலில் அனுப்பும் நிலை வந்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் விறைப்பான அட்டை வைத்து இறுக்கமாகக் கட்டுங்கள். பட்டைகளுக்கு நடுவில் காசு ஆடினால் போகும் வழியிலேயே விளிம்பு தேயும். மூடுவதற்கு முன் 77 குழியையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.