ஹால் சுவருக்குத் தங்க நிறம் அடித்தோம், ராத்திரியில் பச்சை அடிக்கிறது. என்ன செய்யலாம்?

மாடிவீட்டு மருமகள்:
வணக்கம். மதுரையில் இரண்டாவது மாடி ஃபிளாட். ஹாலில் டிவி இருக்கும் சுவருக்கு மட்டும் தங்க நிறம் அடித்தோம். ஷேட் கார்டில் பார்த்தபோது புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி இருந்தது. இப்போது டியூப் லைட் போட்டதும் சுவர் லேசாகப் பச்சை அடிக்கிறது. "பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணி மாதிரி இருக்கு" என்று மாமியார் சொல்லிவிட்டார், அது பொய்யும் இல்லை. காய்ந்தால் சரியாகிவிடும் என்றார் பெயிண்டர் அண்ணன். ஐந்து நாள் ஆகிறது. இரண்டு வாரத்தில் பையனுக்குக் காதுகுத்து வேறு.

எல்இடி தம்பி:
அக்கா, டியூப் பெட்டியில் எத்தனை கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று போட்டிருக்கிறது? சுவரில் முன்பு என்ன நிறம்?

மாடிவீட்டு மருமகள்:
6500. முன்பு வான நீலம். பழைய பெயிண்ட் உரியவில்லை, பிரைமர் (அடிப்பூச்சு) தேவையில்லை என்று நேராக இரண்டு கோட் அடித்தார்.

எல்இடி தம்பி:
6500 வெளிச்சத்தில் நீலம் தூக்கல். தங்க நிறம் என்பது மஞ்சளோடு கொஞ்சம் சிவப்பு சேர்ந்ததுதான். மலிவான டியூபில் அந்தச் சிவப்பு எடுபடாது, மஞ்சள் வெளிறிப் பச்சைப் பக்கம் சாயும். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் போட்டுப் பாருங்கள்.

பழைய மேஸ்திரி:
லைட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம் தம்பி. வெள்ளை பெயிண்ட் அடிச்சுவரை மூடுவது அதிலுள்ள டைட்டானியம் டையாக்சைடால். அடர் மஞ்சள் வகைகளில் அது குறைவு, அதனால் மூடும் சக்தியும் குறைவு. கீழே நீலம் இருந்தால் மேலே வருவது பச்சைதான்.

எது காரணம் என்று காசில்லாமல் கண்டுபிடிக்கலாம் அம்மா. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் மிச்ச பெயிண்டை இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ராத்திரி அதே டியூபில் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். அட்டை தங்கமாகவும் சுவர் பச்சையாகவும் இருந்தால் கீழே உள்ள நீலம். இரண்டுமே பச்சை என்றால் லைட்.

வண்ணக்கிறுக்கி:
பேசாமல் மெட்டாலிக் கோல்டு அடித்துவிடுங்களேன், நீலமெல்லாம் மறைந்துவிடும்!

பழைய மேஸ்திரி:
வேண்டவே வேண்டாம். பட்டி மேடுபள்ளம், ரோலர் தடம் எல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் பல்லிளிக்கும். பூஜை அறை மாடத்துக்குள் கொஞ்சமாக அடித்தால் அழகு, அவ்வளவுதான்.

மாடிவீட்டு மருமகள்:
பார்த்துவிட்டேன். டியூபில் அட்டையும் மங்கல்தான், ஆனால் சுவர் அதைவிடப் பச்சை. பூஜை அறையின் மஞ்சள் பல்பைக் கொண்டுவந்து போட்டால் அட்டை அப்படியே தங்கம். சுவிட்ச் போர்டைச் சுற்றியும் மூலைகளிலும் மட்டும் பச்சை போகவில்லை. அங்கே பிரஷ்ஷால் ஒரு இழுப்புதான் இழுத்திருக்கிறார். அப்புறம் இன்னொன்று: பகலிலும் மூன்று மணிக்கு மேல் லேசாகப் பச்சை தெரிகிறது.

எல்இடி தம்பி:
பால்கனியில் பச்சை வலை கட்டியிருக்கிறீர்களா அக்கா?

மாடிவீட்டு மருமகள்:
ஐயோ, ஆமாம். மேற்குப் பார்த்த பால்கனி.

பழைய மேஸ்திரி:
அப்போ மூன்றும்தான். 220 நம்பர் எமரித்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, சுவர் முழுக்க வாட்டர் பிரைமர் ஒரு கோட். மூலைக்கு மட்டும் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். அதன்மேல் தங்கம் இரண்டு கோட், நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள். டின் இரண்டு வாங்கினால் ஒரே பக்கெட்டில் கலந்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், டின்னுக்கு டின் நிறம் கொஞ்சம் மாறும். மற்ற சுவர்களுக்குச் சந்தன வெள்ளை போதும். தேக்குக் கதவு இருந்தால் வேறு அலங்காரமே தேவைப்படாது.

மாடிவீட்டு மருமகள்:
பத்து நாள் கழித்து வருகிறேன். பிரைமர் போட்டு இரண்டு கோட் ஆயிற்று. டியூபை மாற்றி 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, முழுசு 100) 90 போட்ட பல்பு வாங்கினோம். ராத்திரி சுவர் குத்துவிளக்கு நிறமேதான். அரக்கு பார்டர் போட்ட திரை ஒன்று கட்டினேன், பொருத்தமாக இருக்கிறது. பையனுக்கு மட்டும் அந்த வெளிச்சத்தில் படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம், அவன் மேசைக்கு வெள்ளை விளக்கு தனியாக. பச்சை வலையைக் கழற்றவில்லை. மதுரை வெயிலில் முடியாது. மூன்று மணிக்கு மேல் யாரும் வந்தால் லைட்டைப் போட்டுவிடுகிறேன்.