டைனோசர் தோண்ட வேண்டும் என்று அடம்பிடிக்கும் மகன்: எங்கே தொடங்குவது?

திருச்சி அம்மா:
மகனுக்கு எட்டு வயது. விடுமுறையில் டைனோசர் எலும்பு தோண்டியே ஆகணும் என்கிறான். அரியலூர் பக்கம் கிடைக்கும் என்கிறார்களே, கூட்டிப்போகலாமா? 2020இல் குன்னத்தில் முட்டைகூட கிடைத்ததாகப் படித்தேன்.

கல்மரம்:
சகோதரி, அரியலூர் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் நான். தாராளமாகக் கூட்டி வாருங்கள். ஆனால் அந்த முட்டை முட்டையல்ல. அம்மோனைட் என்ற கடல் உயிரிகளைச் சுற்றி மண் இறுகி உருண்டையான கல் என்று புவியியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். இதையே பையனிடம் முதல் கதையாகச் சொல்லுங்கள். இங்கே பெரும்பகுதி கடலாக இருந்தது, அதனால் கிளிஞ்சலும் அம்மோனைட்டும்தான் அதிகம்.

டைனோசருக்கு, அரியலூர் பக்கத்தில் உள்ள கல்லமேடு என்ற ஊரின் கதை இருக்கிறது. அங்கே கிடைத்த பெரிய எலும்புகளுக்கு 1987இல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிருகத் என்றால் பெரிய, காயம் என்றால் உடல். முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகு வந்தவர்கள், நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றார்கள். கல்லாய்ப்போன மரமோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. மறுபடி எடுத்து ஆராயலாம் என்றால், எலும்புகள் நொறுங்கி உதிர்ந்துபோயின. படங்கள்தான் மிச்சம். எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் இது.

அதனால் பிள்ளைகளுக்குத் தோண்டுவதற்கு முன்னால் மாவுக்கட்டு போடத்தான் கற்றுக்கொடுப்பேன். கை உடைந்தால் போடுகிறோமே, அதேதான். காய்ந்த கோழி எலும்பை இரண்டாக விரிசல்விட வைத்து, ஈரக் களிமண்ணில் புதையுங்கள். மூங்கில் குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் மேல்பாதி தெரியும்வரை மண்ணை எடுக்கட்டும். உடனே பிடுங்க விடாதீர்கள்! நனைத்த செய்தித்தாளை அதன்மேல் ஒட்டிவிட்டு, பழைய வேட்டித் துண்டுகளைப் பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) தோய்த்துச் சுற்றுங்கள். காய்ந்தபின் அடியில் வெட்டிப் புரட்டினால் விரிசல் விலகாமல் வரும். தாள் இல்லாவிட்டால் சாந்து எலும்பையே பிடித்துக்கொள்ளும். உலகம் முழுக்க டைனோசர் எலும்புகளை இப்படித்தான் பெயர்த்து எடுக்கிறார்கள்.

பெரம்பலூர்காரன்:
சாத்தனூரில் கல்லாய்ப்போன மரம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு பழையது. காலை வெயிலுக்கு முன் போங்கள், நிழல் குறைவு.

திருச்சி அம்மா:
சார், தோண்டி எடுத்துவரலாமா?

கல்மரம்:
வேண்டாம் சகோதரி. பாருங்கள், படமெடுங்கள், எடுத்த இடத்திலேயே வையுங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகவே கூடாது. கையால் தொடும் ஆசைக்கு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

திருச்சி அம்மா:
மாவுக்கட்டு நேற்று போட்டோம். புரட்டியதும் விரிசலைத்தான் முதலில் தேடினான். "ஒட்டியே இருக்கும்மா" என்றான். அப்புறம், "கல்லமேட்டில் எலும்பு ஏன் உதிர்ந்துபோச்சு?" என்று கேட்டான். உங்களிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன், ஞாயிறு வருகிறோம்.