லாகவுட் செய்தால் டிமக்ஸும் சாக வேண்டுமா?

இராக்கோழி:
ஆய்வகத்தின் பொது சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து டெர்மினலில் நுழையும் வழி) மூலம் நுழைந்து, இணைப்பு போனாலும் உள்ளே ஓடுவதைத் தாங்கிப் பிடிக்கும் டிமக்ஸுக்குள் ஒரு கணக்கீட்டை ஓடவிட்டு வெளியே வந்தேன். காலையில் பார்த்தால் டிமக்ஸே இல்லை. அட்மினைக் கேட்டால், லாகவுட் செய்தால் எல்லாம் போகும், அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்கிறார். இது நியாயமா?

சிக்ஹப்:
நியாயமே இல்லை. யூனிக்ஸில் இதற்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. டெர்மினல் அறுந்தால், அந்த செஷனுக்குத் தலைமையாக இருக்கும் ஷெல்லுக்கு (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) இயங்குதளத்தின் மையமான கர்னல், 'இணைப்பு போயிற்று' என்று சொல்லும் சிக்ஹப் சிக்னலை அனுப்பும். ஷெல் அதைத் தன் ஜாப்களுக்கும் அனுப்பிவிட்டுச் சாகும். எந்த ஏற்பாடும் செய்யாத புரோகிராம் அதோடு காலி. பிழைக்க நினைப்பது என்ன செய்யும்? கட்டளைக்கு முன்னால் நோஹப் போட்டால் அந்த சிக்னல் உறைக்காது. பின்னணியில் ஓடும் டிமக்ஸ் சர்வரோ ஃபோர்க் ஆகி (தனி நகலாகப் பிரிந்து), செட்எஸ்ஐடி என்ற கர்னல் அழைப்பால் தனக்கென்று புது செஷன் அமைத்துக்கொள்கிறது. பழைய டெர்மினலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என்னை விட்டுவிடு என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

பொதுக்கணினி:
எல்லாம் சரி. ஆனால் வேண்டுமென்றே தங்கும் புராசஸையும், எவரோ மறந்துவிட்டுப் போனதையும் அந்த வழக்கத்தை வைத்து எப்படிப் பிரிப்பீர்கள்? படிப்பு முடித்துப் போனவரின் ஜூப்பிட்டர் நோட்புக் இன்னும் ஜிபியூவைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். துடைப்பது நாங்கள்தானே.

எஸ்எஸ்ஹெச்சில் நுழையும்போதே பாம் (உள்நுழைவைக் கவனிக்கும் அடுக்கு) வழியாக, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் பகுதியான சிஸ்டம்டி-லாகின்டி ஒரு செஷனைப் பதிந்து, அதற்கென ஒரு சிகுரூப் (புராசஸ்களைக் கூட்டமாக வைக்கும் கர்னல் வசதி) போடுகிறது. ஃபோர்க் ஆனாலும் செட்எஸ்ஐடி அழைத்தாலும் அந்த சிகுரூப்புக்குள்தான் இருப்பீர்கள். 'கில்யூசர்புராசஸஸ்' என்ற அமைப்புக்கு 'எஸ்' (ஆம்) கொடுத்தால், லாகவுட்டில் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும்.

சிக்ஹப்:
அதே 'எஸ்'ஸை 2016 மே மாதம் வந்த சிஸ்டம்டி 230 இயல்பு அமைப்பாகவே ஆக்கியது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பெரிய சண்டை. கடைசியில் அவர்கள் தங்கள் தொகுப்பில் 'நோ' என்று திருப்பி வைத்தார்கள். டெஸ்க்டாப்பில் லாகவுட்டுக்குப் பிறகும் சில புராசஸ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன என்பதற்காக சர்வர்காரன் வேலையை ஏன் கெடுக்க வேண்டும்?

பொதுக்கணினி:
டெபியன் மாற்றியது இயல்பு மதிப்பைத்தான் அண்ணே, வசதியைத் தூக்கிவிடவில்லை. சொந்த சர்வர் என்றால் நானும் 'நோ'தான் வைப்பேன். பொது சர்வரில், தங்க வேண்டும் என்பவர் கேட்டுவிட்டுத் தங்கட்டும். தங்க அனுமதி தரும் 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' கட்டளை எதற்கு இருக்கிறது?

நூல்கண்டு:
லிங்கர் மட்டும் போதாது. அது உங்கள் யூசர் மேனேஜரை (உங்களுக்கென ஓடும் சிஸ்டம்டியை) லாகவுட்டுக்குப் பிறகும் உயிரோடு வைக்கும், அவ்வளவுதான். டிமக்ஸ் இன்னும் செஷன் சிகுரூப்புக்குள் இருந்தால் அடி விழும். 'சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் டிமக்ஸ்' என்று தொடங்கினால்தான் அது யூசர் மேனேஜரின் கீழ் போகும். அப்போது லிங்கரும் வேண்டும். இல்லையென்றால் கடைசி செஷன் முடிந்ததும் மேனேஜரே நின்றுவிடும்.

சிக்ஹப்:
பார்த்தீர்களா, டிமக்ஸ் என்று ஒரு சொல் அடித்த இடத்தில் இத்தனை. இதை எந்த மாணவன் தேடிப் படிப்பான்?

இராக்கோழி:
போன வாரம் வைஃபை போனபோது மட்டும் டிமக்ஸ் பிழைத்ததே, அது எப்படி?

பொதுக்கணினி:
வைஃபை போனது சர்வர் பக்கம் ஓடும் எஸ்எஸ்ஹெச்டிக்குத் தெரிந்திருக்காது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் இடைவெளியான 'கிளையண்ட்அலைவ்இன்டர்வெல்' இயல்பாக 0, அதாவது சோதனையே கிடையாது. திரைக்கு எதுவும் போகாமல் இருந்தால் டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற கர்னலின் சோதனை)தான் கதி, அதுவும் லினக்ஸில் 2 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதுவரை செஷன் திறந்தே கிடக்கும். லாகவுட் ஆகவில்லை, அதனால் கொலையும் இல்லை. நீங்கள் அதற்குள் திரும்ப வந்திருப்பீர்கள்.

சிக்ஹப்:
ஆக, ஒழுங்காக எக்ஸிட் அடித்தவனுக்கு வேலை போகும், வைஃபை அறுந்தவனுக்குப் பிழைக்கும். அருமையான நிர்வாகம்.

பொதுக்கணினி:
அது சரிதான். அந்த இன்டர்வெலை 60 விநாடியாக வைக்கப் போகிறேன். நூல்கண்டு சொன்ன கட்டளையை வரவேற்புச் செய்தியிலும் போட்டுவிடுகிறேன். 'எஸ்' மட்டும் மாறாது.