குடியேறிகள் பற்றி இளையோரிடம் கேட்டவை: உங்கள் அனுபவம் என்ன?

இளையோர் என்றாலே குடியேறிகளை வரவேற்பவர்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவர்களுக்கு வாரம் ஒரு முறை விவாத வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

உலக மக்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டு, விடையைத் துண்டுத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். முதல் வரிசை மாணவர் ஒருவர் 30 என்று எழுதி, அதை அடித்துவிட்டு 25 என்று திருத்திக் கொடுத்தார். பத்துக்குக் கீழே எழுதியவர் ஒருவர்கூட இல்லை. ஐக்கிய நாடுகள் அவையின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அவர்கள் சுமார் 30 கோடியே 40 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை என்று சொன்னதும் சலசலப்பு எழுந்ததே தவிர, கருத்து மாறியதாகத் தெரியவில்லை. (மாறும் என்று நம்பியது என் பேதைமை.) "குறைவாகவே இருக்கட்டும், வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களுக்குத்தானே வருகிறார்கள், அங்கே வேலையும் வாடகை வீடும் தேடி அலையப்போவது நாங்கள்தானே?" என்று அதே மாணவர் கேட்டார். அந்த அச்சத்தை வெறுப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவரே என்னிடம் வந்து, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் கேட்டார். படித்து முடித்து அங்கேயே வேலை தேடும் எண்ணமும் இருந்தது. அப்படியானால் நீங்களும் குடியேறிதானே என்றேன். "நான் முறைப்படி விசா எடுத்துப் போகிறேன், சார்" என்றார். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ வசிப்பிட நாட்டை மாற்றிக்கொள்பவர், மாணவரோ அகதியோ, ஐ.நா. வரையறையில் நீண்டகாலக் குடியேறிதான் என்பதை அவர் ரசிக்கவில்லை. கடிதத்தை எழுதிக் கொடுத்தேன்.

*

மேலே ஆசிரியர் எழுதியதைப் படித்ததும், நான் நடத்தும் இளைஞர் குழுவில் நடந்தது நினைவுக்கு வந்தது. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் அறிமுகக் கூட்டம் என்று அழைத்தபோது, இரு தரப்பும் எதிரெதிர்ச் சுவரோரம் அமர்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறுமனே பக்கத்தில் இருத்துவதால் பயனில்லை, சம நிலையும் பொது நோக்கமும் வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதியிருந்ததை நான் பின்னால்தான் அறிந்தேன். பழைய மிதிவண்டிகளைப் பழுது பார்க்கும் வேலையைக் கொடுத்த பிறகே பேச்சு பிறந்தது. ஒருவர் கைவிளக்கைப் பிடிக்க, மற்றவர் கழன்ற சங்கிலியைப் பல்சக்கரத்தில் ஏற்றினார்.

ஆனால், சில வாரங்கள் கழித்து எல்லைகளை மூட வேண்டும் என்று உரக்கப் பேசியவரும் அந்த விளக்கைப் பிடித்தவர்தான். "இவனைச் சொல்லவில்லை, மற்றவர்களைத்தான் சொன்னேன்" என்றார். அருகில் நின்ற நண்பர் ஒன்றும் பேசாமல் விரலிடுக்கில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.